வாசகர் கேள்வி – பதில்: கைக்கு அடங்கிய விலையில் நாலு கம்பி பேஸ் கிட்டார்

கிட்டார் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் பேஸ் கிட்டாரைப் பற்றியவை. அதனால் இந்த இதழின் பகுதியை முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கொட்டகலை வாசகர் ஒருவர்: மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். ஒன்றரை வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறான். சேர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்க ஆள் இல்லையென்று அவனைக் கூப்பிடுகிறார்கள். கையில் இருக்கிற சல்லி கொஞ்சம்தான். நாலு கம்பியா, ஐந்து கம்பியா? எந்தப் பெயரைப் பார்த்து வாங்குவது?

நாலு கம்பியே வாங்குங்கள். ஐந்தாவதாக வரும் பி கம்பியின் அதிர்வு 31 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். விலை குறைந்த கிட்டார்களில் அந்தக் கம்பி தொய்வாக நிற்கும், எந்தச் சுரம் ஒலிக்கிறது என்றே காதுக்குப் பிடிபடாது. கிட்டாரின் கழுத்தான நெக்கும் அகலமாகிவிடும். நாலு கம்பியில் தடிப்பான ஈ 41 ஹேர்ட்ஸ், ஏ 55, டி 73, ஜி 98. சேர்ச் பாடல்களுக்கும் சினிமாப் பாடல்களுக்கும் இது தாராளமாகப் போதும். டி சுருதிப் பாட்டுக்கு இன்னும் கீழே போக வேண்டுமென்றால் ஈ கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கி டி ஆக்கிக்கொள்ளலாம்.

நாலு கம்பியில் இரண்டு பழைய வடிவங்கள்தான் இன்றுவரை எல்லோருக்கும் மாதிரி. ஒன்று 1951 இல் ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், மற்றது 1960 இல் வந்த ஜாஸ் பேஸ். பிரிசிஷனில் இரண்டு துண்டாகப் பிரிந்த ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றும் காந்தச் சுருள்), ஒரு வொலியூம், ஒரு டோன், அவ்வளவுதான். அந்த இரு துண்டுகளும் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும்படி சுற்றப்பட்டவை. ஜாஸில் இரண்டு பிக்கப். நெக், நட் (தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் சிறு கட்டை) பக்கம் 38 மில்லிமீற்றர் அளவில் ஒடுங்கியிருக்கும். பிரிசிஷனில் அது 41, 42 அளவில் வரும். குழுவோடு சேர்ந்து வாசிக்கப் போகிற பையனுக்கு எங்கள் தெரிவு பிரிசிஷன் மாதிரிதான். திருப்பிப் பார்க்க இரண்டே குமிழ்கள், பழுதாகும் இடங்களும் குறைவு. ஒலியோ மேளத்துக்கும் கீபோர்ட்டுக்கும் நடுவில் தானாக இடம் பிடித்துக்கொள்ளும்.

பெயர் கேட்டீர்கள். ஸ்குவையர் சொனிக் பிரிசிஷன், யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனீஸ் ஜிஎஸ்ஆர் 200 மூன்றும் தொடக்க விலைக்காரர்களுக்கென்றே செய்யப்பட்டவை. யமஹா 174 இல் பிரிசிஷன் பிக்கப்பும் ஜாஸ் பிக்கப்பும் ஒன்றாக இருக்கின்றன, பற்றரி தேவையில்லை. ஐபனீஸ் 200 இல் அடித்தொனியைக் கூட்டும் ஒரு சுற்று இருக்கிறது, அதற்கு 9 வோல்ட் பற்றரி வேண்டும். ஆனால் கொழும்பிலோ கண்டியிலோ கடைக்குப் போகும் நாளில் இம்மூன்றில் எது இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே பெயரை இரண்டாவதாக வையுங்கள். நெக் நேராக இருக்க வேண்டும், அதன் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கோல் திரும்ப வேண்டும். இவை இரண்டும் சரியென்றால் பெயர் தெரியாத கிட்டாரையும் பத்து வருடம் வாசிக்கலாம். இவை இரண்டும் பிழையென்றால் தலையில் எவ்வளவு பெரிய பெயர் இருந்தும் பயனில்லை. அந்தப் பெயர் வெறும் ஸ்டிக்கராகவும் இருக்கக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று. கையிலுள்ள பணத்தை நூறு பங்காக்கினால் அறுபதுக்கு மேல் கிட்டாருக்குக் கொடுக்காதீர்கள். இருபத்தைந்து ஆம்ப்புக்கோ ஹெட்ஃபோன் ஆம்ப்புக்கோ வேண்டும். மீதியில் நல்ல கேபிள் ஒன்று, அகலமான தோள்பட்டி, ட்யூனர், ஒரு செட் கம்பி, பிறகு தெரிந்தவரிடம் கொடுத்து செட்டப் (நெக் வளைவையும் கம்பி உயரத்தையும் சரிசெய்தல்) செய்யும் கூலி. நூறையும் கிட்டாரிலேயே கொட்டிவிட்டு, கம்பி உயரத்தைக்கூடச் சரிசெய்யாமல் விரல் நொந்து, மூன்றே மாதத்தில் கிட்டாரைச் சுவரில் மாட்டிவிடும் பிள்ளைகள் நிறைய.

கம்பளை வாசகர்: கண்டியில் ஒருவர் பழைய பேஸ் விற்கிறார். நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். எனக்குக் கிட்டாரில் அவ்வளவு அனுபவம் இல்லை. என்னென்ன பார்க்க வேண்டும்?

கால் மணி நேரம் போதும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். ட்யூனர் (கைப்பேசியில் உள்ளதே போதும்), A4 தாள் மூன்று, ட்ரஸ் ரொட்டைத் திருப்ப 4, 5 மில்லிமீற்றர் அலன் கீக்கள், ஒரு கேபிள் கொண்டுபோங்கள். ஃபெண்டர் வகைகளுக்கு அங்குல அளவு கீ, பெரும்பாலும் 3/16, தேவைப்படலாம். விற்பவரிடம் ஆம்ப் இருக்கிறதா என்று முதலே கேட்டுவிடுங்கள்.

முதலில் கிட்டாரைச் சுருதிக்குக் கொண்டுவந்து பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். கம்பி தளர்ந்திருக்கும் நெக்கைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. நாலு கம்பியும் சேர்ந்து இழுக்கும்போதுதான் அதன் உண்மையான வளைவு தெரியும்.

பிறகு தலைப்பக்கத்திலிருந்து துப்பாக்கியால் குறி பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடி, விரல்பலகையின் இரு ஓரங்களையும் தனித்தனியே பாருங்கள். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி மெல்ல வளைந்திருந்தால் பயமில்லை, அதைத் திருத்தலாம். ஒரு ஓரம் ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் போனால் நெக் முறுகியிருக்கிறது. ட்ரஸ் ரொட்டால் முறுக்கை எடுக்க முடியாது. அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்தது வளைவின் அளவு. ஈ கம்பியை முதலாம் ஃப்ரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் ஒன்று ஃப்ரெட்) ஒரு விரலாலும், நெக் உடலோடு சேரும் இடத்தில், ஏறக்குறைய 17 ஆம் ஃப்ரெட்டில், மற்றொரு விரலாலும் அழுத்துங்கள். இழுத்துக் கட்டிய கம்பியே அடிமட்டம் ஆகிவிடும். இப்போது 7, 8 ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் கணக்கு. அது 0.3 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். சாதாரண ஃபோட்டோ கொப்பித் தாள் ஒன்றின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர். மூன்று தாளைச் சேர்த்து நுழைத்துப் பாருங்கள். மெல்ல உரசிக்கொண்டு போனால் சரி. இடைவெளியே இல்லையென்றால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கலாம். பத்துத் தாளும் போகிற மாதிரி இருந்தால் ரொட் தளர்ந்திருக்கிறது, அல்லது வேலை செய்யவில்லை. இரண்டில் எது என்று அறிய விற்பவரின் அனுமதியோடு ரொட்டைக் கால் சுற்றுக்குக் குறைவாகத் திருப்பி, திரும்பவும் சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். இடைவெளி மாறினால் ரொட் உயிரோடு இருக்கிறது. கீ பிடிக்காமல் உள்ளே வழுக்கினாலோ, இறுகி நின்றாலோ, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். நெக் முறுக்கையும் இதையும் விட்டால் மற்றப் பழுதெல்லாம் பெரும்பாலும் சில்லறைச் செலவு. இவை இரண்டும்தான் கிட்டாரையே விழுங்கும் செலவு.

இனி ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, அவசரமில்லாமல், முதலிலிருந்து கடைசி வரை அழுத்தி வாசியுங்கள். ஓரிரு இடத்தில் மட்டும் கம்பி இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் மேலெழும்பியிருக்கலாம். எல்லா இடத்திலும் இரைந்தால் அது செட்டப் கோளாறு, விலை பேசப் பயன்படும். ஜி கம்பியில் 5, 6, 7 ஆம் ஃப்ரெட்டில் காதை வையுங்கள். நெக்கைத் திருகாணியால் பூட்டிய பேஸ்களில் அந்த இடத்துச் சுரம் சட்டென்று செத்துப்போவது அடிக்கடி நடக்கும். நெக் மரம் அந்த அதிர்வைத் தானே உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம். மெல்லிய குறையென்றால் வாங்கலாம், எந்த விலையிலும் கொஞ்சம் இருக்கும். இரண்டு விநாடிக்குள் சுரம் அடங்கிப்போனால் யோசியுங்கள். முதல் ஐந்து ஃப்ரெட்களில் கம்பி அரித்த பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்கு இருந்தால் ஃப்ரெட் சீவ வேண்டியிருக்கும்.

பிறகு 12 ஆம் ஃப்ரெட். வெறும் கம்பியின் சுரமும் 12 இல் அழுத்திய சுரமும் ட்யூனரில் ஒன்றேயாகக் காட்ட வேண்டும். 12 இல் கூடுதலாகக் காட்டினால் பிரிட்ஜில் (உடலில் கம்பிகள் பூட்டியிருக்கும் இடம்) கம்பி தங்கும் சேணத்தைப் பின்னுக்கும், குறைவாகக் காட்டினால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும். அதற்குத் திருகாணியில் இடம் மிச்சம் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். பழைய கம்பி என்றால் இந்தச் சோதனை பொய் சொல்லும், அதை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள்.

கடைசியாக மின்சாரப் பகுதி. ஆம்ப்பில் மாட்டி எல்லாக் குமிழையும் திருப்புங்கள். கரகரவென்றால் இருபது தடவை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். குறைந்தால் அது தூசு, கொன்டாக்ட் கிளீனர் போதும். குறையாவிட்டால் குமிழுக்கு அடியில் உள்ள பொட் என்ற பாகத்தைப் புதிதாகப் போட வேண்டும், பெரும்பாலும் 250 கிலோ ஓம். கேபிள் மாட்டும் துளையை அசைத்துப் பாருங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே வயர் ஒட்டு விட்டிருக்கும். துளையை இறுக்கும் நட் தளர்ந்து துளை முழுவதும் சுழன்றதால் வருவது இது. ஒட்டித் தந்த பிறகு உள்ளே கையால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மறுபடி அறும்.

தோள்பட்டிக் குமிழ் ஆடுகிறதா? அதற்காக வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். விலை குறைந்த உடல்களில் பாஸ்வுட் போன்ற மென்மையான மரம் அதிகம், திருகாணி பிடி விடும். தீக்குச்சி இரண்டை மரப் பசை தடவித் துளையில் செருகி, காய்ந்த பின் திருகாணியைப் போட்டால் இறுகிவிடும்.

தலவாக்கலையிலிருந்து ஒரு மாணவி: எனக்கு 13 வயது, கை சிறியது. பேஸ் பிடிக்க முடியுமா?

தாராளமாக முடியும் தங்கச்சி. வழக்கமான பேஸில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 34 அங்குலம். 30 அங்குலத்தில் சிறியவை இருக்கின்றன, ஸ்குவையர் சொனிக் புரொன்கோ அப்படிப்பட்டது. ஐபனீஸ் ஜிஎஸ்ஆர்எம் 20 இன்னும் சிறியது, 28.6 அங்குலம். முதலாம் ஃப்ரெட்டை எட்ட இடது கையை அவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. ஆனால் அதற்கேற்ற நீளக் கம்பிதான் போட வேண்டும். 34 அங்குலக் கம்பியைப் போட்டால் தடிப்பான பகுதியே முறுக்காணியில் சுற்றி உடையக்கூடும். நீளம் குறையக் குறைய ஈ கம்பி கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும்.

கடையில் பெரியதையே எடுத்துப் பார்ப்பதானால், தோள்பட்டியைப் போட்டு எழுந்து நின்று இரண்டு கையையும் விடுங்கள். தலை தரையை நோக்கிச் சாய்ந்தால் இடது கை வாசிப்பதற்குப் பதிலாகத் தூக்குவதிலேயே களைத்துவிடும். அப்படிப்பட்டதை எடுக்க வேண்டாம். முதல் மாதங்களில் 5 ஆம் ஃப்ரெட்டுக்கு மேலேயே, உடல் பக்கமாக, பழகுங்கள். அங்கே ஃப்ரெட்கள் நெருக்கமாக இருக்கும்.

பண்டாரவளை வாசகர்: ஆக்டிவ் நல்லதா, பஸிவ் நல்லதா?

முதல் பேஸ் என்றால், பற்றரி வேண்டாத பஸிவ். ஆக்டிவ் பேஸின் உள்ளே சிறு மின்சுற்று இருக்கிறது, 9 வோல்ட் பற்றரியில் ஓடுகிறது. கேபிளைச் செருகியவுடனேயே பற்றரி செலவாகத் தொடங்கும். வாசித்து முடித்து கேபிளைக் கழற்ற மறந்தால் வாசிக்காமலே தீர்ந்துவிடும். தீரும்போது ஒலி கிழிந்த மாதிரிக் கேட்கும், அநேகமாகத் தேர்த் திருவிழா இரவில்தான் அது நடக்கும். ஆக்டிவ்தான் கிடைத்ததென்றால் பையில் எப்போதும் ஒரு புதுப் பற்றரி இருக்கட்டும்.

மஸ்கெலியா வாசகர்: லயத்தில் இருக்கிறோம். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீடு. ஆம்ப் வைத்தால் பக்கத்து வீட்டார் தூங்க முடியாது. வீட்டில் உள்ள பாட்டுக் கேட்கிற செட்டில் மாட்டலாமா? கோயில் மைக் செட்டில் மாட்டலாமா?

ஈ கம்பியின் ஒலியலை 8 மீற்றருக்கு மேல் நீளம். அது சுவரையே அசைத்துக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விடும். துணி தொங்கவிடுவதோ கதவை மூடுவதோ அதைத் தடுக்காது. எனவே வீட்டுக்கு ஹெட்ஃபோன் ஆம்ப் வாங்குங்கள். கிட்டார் துளையில் நேரே செருகுகிற கைக்கடக்கமானவை இருக்கின்றன, பேஸுக்கென்று தனியாகச் செய்ததாகப் பார்த்து எடுங்கள். கரண்ட் போன இரவிலும் பழகலாம். பகலில் வாசிக்க ஆம்ப்பே வேண்டுமென்றால் 15 முதல் 25 வோட் போதும். அதை மூலையில் வைக்காமல் கதிரையின் மேல் வையுங்கள், மூலை அடித்தொனியைப் பெருக்கிக்காட்டும்.

பாட்டுக் கேட்கிற செட் வேண்டாம். அதன் உள்வாங்கும் தடை சில பத்து கிலோ ஓம் அளவுதான். பஸிவ் பிக்கப்புக்கு அது பெரும் சுமை, ஒலி மங்கிச் சேறுபோல ஆகிவிடும். அதைச் சரிக்கட்ட வொலியூமைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும். கீபோர்ட் ஆம்ப் என்றால் மாட்டலாம். சாதாரண கிட்டார் ஆம்ப்பில் குறைந்த சத்தத்தில் மட்டும் வாசிக்கலாம்.

கோயிலிலும் சேர்ச்சிலும் மிக்ஸருக்குப் போவதுதான் சரியான வழி. நடுவில் ஒரு டி.ஐ. பெட்டி, அதாவது கிட்டார் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி, வேண்டும். பஸிவ் பேஸுக்கு ஆக்டிவ் டி.ஐ. எடுங்கள், 1 மெகா ஓம் அளவு உள்தடை உள்ளதாக. நீளமான கேபிளில் இரைச்சல் சேராமல் ஒலி அப்படியே போகும். ட்ரம் செட்டோடு ஆம்ப்பை மட்டும் நம்பி வாசிப்பதானால் 100 வோட்டுக்குக் குறைந்தது எடுபடாது. அந்தப் பணத்துக்கு டி.ஐ. பல மடங்கு மலிவு.

அதே வாசகர் தொடர்கிறார்: மைக்கில் வாய் பட்டால் சுள்ளென்று அடிக்கிறது. கம்பியைத் தொட்டால் இரைச்சல் நிற்கிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. கம்பியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைவது வழமையானது, பயப்பட ஒன்றுமில்லை. உடம்பு வாங்கிவந்த இரைச்சல் கம்பி வழியே பூமிக்குப் போகிறது. ஜாஸ் மாதிரி என்றால் இரண்டு வொலியூமையும் முழுதாக வைத்தாலே பெருமளவு அடங்கும். தொட்டவுடன் இரைச்சல் கூடினால்தான் வயரிங்கிலோ எர்த்திலோ பிழை.

மைக்கில் சுள்ளென்று அடிப்பது உயிர் விடயம். உடனே வாசிப்பதை நிறுத்துங்கள். ஆம்ப்புக்கும் மைக் செட்டுக்கும் எர்த் ஒன்றாக இல்லை, அல்லது எர்த்தே இல்லை. நமது கரண்ட் 230 வோல்ட், ஒரு கையில் கம்பியும் உதட்டில் மைக்கும் இருந்தால் அது நெஞ்சு வழியாகத்தான் போகும். இரைச்சல் போவதற்காக ப்ளக்கின் எர்த் முள்ளை உடைப்பதும், வெறும் இரண்டு வயரைத் துளையில் செருகிக் குச்சியால் அடைப்பதும் பல இடங்களில் நடக்கிறது. அதைச் செய்ய விடாதீர்கள். எல்லாச் சாமானும் எர்த் உள்ள ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கட்டும். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமுக்கினால் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் மின்வேலை தெரிந்தவர் வந்து பார்க்கும் வரை ஹெட்ஃபோன்தான். டி.ஐ. பெட்டியில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்றொரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கலாம், அது ஒலிக் கேபிளின் எர்த்தை மட்டுமே விலக்கும்.

டிக்கோயா வாசகர்: மழைக்காலத்தில் கம்பி துருப்பிடிக்கிறது. கம்பி உயரமும் மாறிவிடுகிறது. என்ன செய்வது?

உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை ஈரம் விடாது. பதுளைப் பக்கத்தில் அதே மாதங்களில் வறண்ட காற்று அடிக்கும், மழை ஆண்டின் கடைசியில் வரும். மரம் ஈரத்தை வாங்கி வீங்கும், உலர்ந்தால் சுருங்கும். அதனால் ஒரே கிட்டாரை வருடத்துக்கு இரண்டு தடவையாவது அளந்து பார்க்க வேண்டியிருக்கும். மேலே சொன்ன மூன்று தாள் சோதனையே போதும். இடைவெளி கூடியிருந்தால் ரொட்டை வலஞ்சுழியாக, குறைந்திருந்தால் இடஞ்சுழியாக, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புங்கள். சுருதி சேர்த்து ஒரு இரவு விட்டு மறுபடி அளந்து பாருங்கள். முரண்டு பிடித்தால் பலத்தைக் காட்ட வேண்டாம். இது சரியான பின்தான் பிரிட்ஜில் கம்பி உயரத்தைத் தொட வேண்டும். 12 ஆம் ஃப்ரெட்டில் ஈ கம்பிக்கு 2.5 மில்லிமீற்றர், ஜி கம்பிக்கு 2 மில்லிமீற்றர் நல்ல தொடக்கம்.

துருவுக்கு: வாசித்து முடிந்ததும் பழைய பனியன் துணியால் கம்பியை மேலும் கீழும் துடையுங்கள். நனைந்த பைக்குள் கிட்டாரை வைக்காதீர்கள். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், அந்தச் சுவர்தான் முதலில் கசியும். காயட்டுமென்று அடுப்படியில் வைப்பது எல்லாவற்றிலும் மோசம், ஒரு பக்கம் மட்டும் சூடேறி நெக் வளையும். கை பட்டுக் கம்பி அடிக்கடி துருப்பிடிக்கிறவர்களுக்குத் தட்டைச் சுற்றுக் கம்பி நல்லது. விலை கூடுதல், ஒலியில் பளபளப்புக் குறைவு, ஆனால் வருடக்கணக்கில் நிற்கும்.

நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்ந்த கிட்டாரை அங்கே போனவுடன் பையைத் திறந்து எடுத்தால் கண்ணாடியில் படிவதுபோல ஈரம் படியும். அரை மணி நேரம் மூடியே வைத்து, பிறகு எடுத்துச் சுருதி சேருங்கள்.

இறாகலை வாசகர்: கம்பியைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் புதுசு மாதிரி ஆகும் என்கிறார்கள். உண்மையா?

ஓரளவு. சுற்றுக்குள் அடைந்த அழுக்கு வெளியேறி ஒலி கொஞ்ச நாள் தெளியும். துருவையும் தேய்மானத்தையும் அது மாற்றாது. பத்து நிமிடம் கொதிக்க வைத்து, உடனே துடைத்து நன்றாக உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் அது சரியாக உலராது, அப்போது செய்ய வேண்டாம்.

நாவலப்பிட்டி வாசகர்: புதிய கம்பி மாட்டினேன். ஈ கம்பி மட்டும் உயிரில்லாமல் ஒலிக்கிறது. கடையில் பழைய கம்பியைக் கொடுத்துவிட்டார்களா?

கடைக்காரர்மேல் பிழை இருக்காது. அளவுக்கு மீறி நீளத்தை வெட்டியிருப்பீர்கள், அல்லது வளைக்காமல் வெட்டியிருப்பீர்கள். வெறும் நுனியை வெட்டினால் சில கம்பிகளில் உள்ளே இருக்கும் இழையைச் சுற்றியுள்ள சுற்று தளர்ந்துவிடும், ஒலி செத்துப்போகும். முறுக்காணியைத் தாண்டி 10 முதல் 12 சென்ரிமீற்றர் விட்டு, அந்த இடத்தில் முதலில் செங்குத்தாக மடக்குங்கள். மடிப்புக்குச் சற்று வெளியே வெட்டி, நுனியை முறுக்காணியின் நடுத் துளைக்குள் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வரும்படி இறுக்குங்கள். 45, 65, 85, 105 என்ற தடிப்பு அளவுச் செட் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 34 அங்குல நாலு கம்பித் தொடக்கப் பேஸ் எதற்கும் பொருந்தும். மாட்டிய பின் பிரிட்ஜுக்கு முன்னாலும் நட்டுக்கு முன்னாலும் கம்பியைப் பெருவிரலால் ஒருமுறை மெல்ல அழுத்திவிடுங்கள், அது நேராகப் படியும். உங்கள் ஈ கம்பியின் சுற்று தளர்ந்துவிட்டதென்றால் அதைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியாது. ஈ கம்பியைத் தனியாக விற்கும் கடைகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.